ஏலக்காரரின் இரண்டாவது குரல்

எங்கள் மாமா, அதாவது என் அக்காவின் கணவர், மீன் சந்தையில் ஏலம் விடுகிறவராக இருந்தார். ஐஸ் தண்ணீர் ஓடும் தரையில் ரப்பர் பூட்ஸோடு ஒரு மரப்பெட்டி மேல் ஏறி நின்று கத்தினால், கடைசி வரிசையில் கொட்டாவி விடுகிறவனும் வாயை மூடிக்கொண்டு விலை கேட்பான். காலையிலேயே தொண்டையைச் சந்தையில் தீர்த்துவிட்டு வருவதால், வீட்டில் வாயைத் திறக்கக் கூலி கேட்பார். அங்கே பேச்சு முழுக்க அக்காவின் பொறுப்பு. அவள் திட்டுவாள், இவர் எப்போதாவது ஒரு சொல்லில் பதில் சொல்வார், அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு அவள் மறுபடி ஆரம்பிப்பாள். இரண்டு பேருக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

பிறகு தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். உயிர் தப்பியது, குரல் போயிற்று. சந்தையில் எடை பார்க்கும் இடத்தில் உட்கார வைத்தார்கள். மற்றவர்களுக்கு எழுதிக் காட்டிச் சமாளித்துக்கொள்வார். ஆனால் அக்காவுக்குச் சர்க்கரை நோயில் பார்வை மங்கிவிட்டது. எவ்வளவு பெரிதாக எழுதினாலும் அவளுக்குப் புகைதான். அவர் மேசையைத் தட்டுவார். "எதுக்குத் தட்டுறீங்க? தண்ணியா, சோறா?" என்று கேட்பாள். அதைத் தாண்டிப் புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சே இல்லை. எனக்கு மனசு தாங்கவில்லை.

அக்கா மகள் கணினி படித்தவள். பழைய ஒலிப்பதிவைக் கொடுத்தால் செயற்கை நுண்ணறிவு அப்பாவின் குரலையே செய்து தரும், போனில் தட்டினால் பேசும் என்றாள். நான் நம்பவில்லை. வீட்டில் தேடினால் ஒரு பதிவுகூட இல்லை. மனுஷன் பேசியிருந்தால்தானே இருக்கும்! விலைத் தகராறு வந்தால் போட்டுக் கேட்பதற்காகச் சந்தை அலுவலகம் ஏலங்களைப் பதிவு செய்து வைத்திருந்தது. மகள் அதை வாங்கி இயந்திரத்துக்குக் கொடுத்தாள்.

குரல் வந்தது. அச்சு அசல் அவருடையது. அக்கா நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள். ஆனால் அந்த இயந்திரத்துக்குத் தெரிந்தது பெட்டி மேல் நின்ற மாமா மட்டும்தான். அவர் "குளிச்சிட்டு வரேன்" என்று தட்டினால், குளியலறையையே விலைக்கு விடுவது போல அது கூவியது. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். வயிறு வலிக்கச் சிரித்தோம். மாமாவும் தோள் குலுங்கச் சிரித்தார்.

மகள் எதையெதையோ மாற்றிக் குரலைத் தணித்தாள். மாமாவின் விரல்கள் தடித்தவை, ஒரு வரி தட்டுவதற்குள் காபி ஆறிவிடும். அதனால் இன்னொரு வசதியும் சேர்த்தாள். ஒரு சொல்லைத் தட்டினால் மீதி வாக்கியத்தை அதுவே எழுதிக் காட்டும், அழுத்தினால் போதும், பேசிவிடும்.

அன்று சாயங்காலம் அக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாமா 'முழங்கால்' என்று தட்டிவிட்டு எதையோ அழுத்தினார்.

"முழங்கால் வலி எப்படிம்மா இருக்கு? உன்னை இப்படிப் பாக்க எனக்கு மனசு கேக்கல" என்றது மாமாவின் குரல், பஞ்சு போல.

அக்காவுக்குக் கண் நிறைந்து வழிந்தது. இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவள் கேட்டறியாத பேச்சு அது. நான் நைசாக எழுந்து போய்விடலாமா என்று பார்த்தேன்.

"இது நீங்க சொன்னதா, இல்ல அது சொன்னதா?" என்று கேட்டாள்.

மாமா அவள் தலையைத் தடவி, நான்தான் என்று உணர்த்தியிருக்கலாம். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன், யாருக்கு என்ன நஷ்டம்? மாமா அவள் கையை எடுத்துப் போன் மேல் வைத்தார். அவளுக்குப் புரிந்துவிட்டது. முகம் சின்னதாகிப் போயிற்று.

மாமா போனைத் திரும்ப எடுத்தார். அது நீட்டிய அழகான வாக்கியங்களையெல்லாம் ஒதுக்கிவிட்டு, ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினார். அக்கா டிவியை நிறுத்தச் சொல்லிவிட்டுக் காத்திருந்தாள்.

"தைலம் வாங்க மறந்துட்டேன்" என்றது குரல்.

அக்கா புறங்கையால் கண்ணைத் துடைத்தாள்.

"காலையிலயே படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! காதுல வாங்கினாத்தானே? நான் இங்க வலியில துடிக்கிறேன், இவருக்கு மறந்துபோச்சாம்! சந்தையில அத்தனை பேர் கேட்ட விலையும் ஞாபகம் இருக்கும், இது மட்டும் மறந்துபோயிடும்!"

மாமா நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, பதிலுக்கு எழுத்துத் தேட ஆரம்பித்தார்.