முயலின் ஈரல்

வேலை முடிந்து நான் வீடு வருவதற்குள், பக்கத்து வீட்டு அண்ணாச்சி கொடுத்த முயல் குழம்பை மகன் சாப்பிட்டிருந்தான். தூக்குவாளியில் மிச்சமிருந்ததைக் கிளறிப் பார்த்தேன். ஈரலைக் காணோம்.

என் சிறுவயதில் அப்பா கரிசல்காட்டில் நாயை விட்டு முயல் பிடித்து வந்தால், அம்மா முதலில் ஈரலைத்தான் விரித்துப் பார்ப்பாள். வெள்ளைப் புள்ளி இருந்தால் முயலையே புதைத்துவிடுவாள். ஒருநாள் அவள் பார்ப்பதற்குள் அப்பா ஈரலை நாய்க்குப் போட்டுவிட்டார்.

“சீக்கு மொசலோ என்னமோ. நாய்க்கு ஒண்ணும் ஆவலைன்னாத்தான் அடுப்புல வைப்பேன்,” என்றாள் அம்மா.

சாயங்காலம்வரை நாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது கொட்டாவி விட்டால்கூட அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்குள் கறிதான் நாறிவிட்டது.

“என்னம்மா, என்னையவே பாத்துட்டு இருக்க?” என்றான் மகன்.

“ஒண்ணுமில்லலே.”

அவன் கொட்டாவி விட்டான்.