சுடும்போது மிதித்த கால்

என் மனைவியின் தம்பி ஐயம்பேட்டைக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். தான் சுடப் போகும் ஏர் பிஸ்டல் கிளப்பில் என்னைச் சேர்த்துவிட்டதும் அவன்தான். படிவத்தைக்கூட அவனே நிரப்பினான். ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் கையெழுத்து மட்டும் போட்டேன். சேர்ந்த பிறகு அவனைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரிந்தது.

ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட நீளமான அறைதான் கிளப். பத்து மீட்டர் தள்ளிக் குறி அட்டை தொங்கும். புதியவர்களை மாஸ்டர் நின்று சுட விடமாட்டார். மேசை முன் உட்கார்ந்து, மணல் மூட்டையில் கையைத் தாங்கி ஐந்து குண்டு சுட வேண்டும். அப்படித் தாங்கியும் குண்டு சிதறினால் தப்பு வேறெங்கோ இருக்கிறது என்பார்.

என் குண்டுகள் சிதறின. முதலில் பிஸ்டலையே மூட்டை மேல் வைத்துச் சுட்டேன்.

“மணிக்கட்ட வைப்பா. துப்பாக்கிய வெச்சா அது எகிறும்,” என்றார் மாஸ்டர்.

மணிக்கட்டை வைத்தேன். அட்டை மங்கலாகத் தெரிந்தாலும் பரவாயில்லை என்று, குழல் முனையில் இருக்கும் குறிமுள்ளை மட்டும் பார்க்கப் பழகினேன். விசையை மெதுவாக இழுத்தேன். கொஞ்சம் தேறியது. ஆனாலும் ஒன்றிரண்டு கீழே போய் விழுந்தன. மைத்துனனுடைய ஐந்தும் ஒரு ரூபாய்க் காசுக்குள் அடங்கின. அந்த அட்டையை என் மனைவி எங்கள் பிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். நான் பானைத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தேன்.

சென்னைப் போட்டிக்கு எங்களில் ஒருவருக்குத்தான் இடம். ஞாயிற்றுக்கிழமை மூட்டை வைத்துச் சுடும்போது யாருடைய ஐந்தும் அதிக நெருக்கமாக விழுகின்றனவோ அவர் போகலாம் என்றார் மாஸ்டர்.

அவன் முதலில் சுட்டான். வழக்கம்போல் காசளவு. என் முறை வந்ததும் கணக்கில் சேராமல் பழக்கத்துக்கு இரண்டு சுட்டேன். பின்னால் நின்றவன் குனிந்து மெதுவாகச் சொன்னான்.

“மாமா, சுட சொல்ல உன் காலு மிதிக்குது. இன்னா, பொடவையா நெய்யற?”

கீழே பார்த்தேன். வலது பாதம் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. முப்பது வருடத் தறி வேலையில், கால் மிதிகட்டையை அழுத்திய பிறகுதான் கை, ஊடுநூல் நாடாவை ஓட்டும் கயிற்றை இழுக்கும். விரல் விசையை இழுக்கப் போகிறது என்றதும் கால் முந்திக்கொண்டது. உடம்பு நூலளவு அசைந்தது.

“எப்பலேர்ந்து தெரியும் உனக்கு?”

“மொத நாள்லேர்ந்து பாத்துக்கினுதான் இருக்கேன். சொன்னா கோச்சிக்குவியோன்னு விட்டுட்டேன்.”

இத்தனை நாள் சொல்லாதது தப்பு. இப்போது சொன்னது அதைவிடப் பெரிய தப்பாகத் தோன்றியது.

இரண்டு கால்களையும் தூக்கி ஸ்டூலின் குறுக்குக் கட்டையில் பின்னிக்கொண்டேன். ஐந்து குண்டும் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்து, சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரே ஓட்டை. மாஸ்டர் என் பெயரை எழுதிக்கொண்டார். முதலில் கை தட்டியவன் அவன்தான்.

வீட்டில் மனைவி பழைய அட்டையை எடுத்துவிட்டு என்னுடையதை ஒட்டினாள். அவனும் கூட வந்து டீ குடித்துக்கொண்டிருந்தான்.

“திடீர்னு எப்படிங்க? யாரு சொல்லிக் குடுத்தாங்க?” என்று கேட்டாள்.

“மாஸ்டர்தான்,” என்றேன்.

அவன் டம்ளரிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. “ஆமாக்கா, மாஸ்டர்தான்,” என்றான்.

அவ்வளவு சுலபமாக அவனால் விட்டுக்கொடுக்க முடிகிறது. அதற்கும் எனக்குப் பொறாமையாக இருந்தது.