செல்ஃப் எடுக்காத வேன்

என் வீட்டுக்காரர் பட்டாசுக் கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறார். நான் அதே கம்பெனியில் திரி வைக்கிறவள். காலையில் ஊர் ஊராகப் பெண்களை ஏற்றிக்கொண்டு சிவகாசிக்குப் போவோம், சாயங்காலம் அதே வேனில் திரும்புவோம். முன்சீட் எனக்கு. ஓட்டுகிறவரின் பெண்டாட்டி என்பதற்காகக் கிடைத்த ஒரே சலுகை அதுதான். அதிலும் ஸ்பிரிங் குத்தும்.

தீபாவளிச் சீசன் உச்சத்தில் இருந்தபோது வேன் மக்கர் பண்ண ஆரம்பித்தது. சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். செல்ஃப் எடுக்கவில்லை என்போம். எஞ்சினை முதலில் சுற்றிவிடுகிற சின்ன மோட்டார்தான் செல்ஃப் மோட்டார். அது சுற்றாவிட்டால் ஆட்கள் இறங்கித் தள்ள வேண்டும். நாள் முழுக்கக் குனிந்து வேலை பார்த்த பெண்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு தள்ளினார்கள். தள்ளும்போது அவரைப் பேசாத பேச்சில்லை. அவர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்துக்கொண்டே கியரைப் போடுவார். வண்டி குலுங்கிக் கிளம்பும், நாங்கள் ஓடிப்போய் ஏறுவோம். ஒரு வாரம் வேடிக்கையாகத்தான் இருந்தது.

பிறகு ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் கம்பெனி வாசலிலேயே நின்றுவிட்டது. பின்னால் லோடு லாரி வெளியே வர முடியாமல் நின்றது. போர்மேன் கத்துகிற ஆள் இல்லை, நிதானமாகச் சொன்னார். பட்டாசுக் கம்பெனியில் வாசல் அடைபடக் கூடாது. உள்ளே ஏதாவது ஆகிவிட்டால் ஆட்கள் வெளியேறவும் தீயணைப்பு வண்டி நுழையவும் அது ஒன்றுதான் வழி. ஞாயிற்றுக்கிழமை லீவுக்குள் சரிபண்ணிவிடு, திங்கட்கிழமையும் வேனைத் தள்ளினால் செவ்வாயிலிருந்து வேறு வேன் வைத்துக்கொள்வேன் என்றார்.

அன்று வீடு வரும்வரை எனக்குப் பயம்தான். வேன் வாங்குவதற்கு முன்னால் என் வீட்டுக்காரர் வெடிமருந்துக் கலவை அறையில் இருந்தவர். ஒருநாள் கையளவு மருந்து பற்றி இடது கை வெந்துபோனது. ஆறிய பிறகு திரும்பப் போனவர், அறை வாசலில் நின்று வியர்த்து ஊற்றி வந்துவிட்டார். இந்த ஓட்டம் போனால் அவருக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். அங்கே அவரை அனுப்பிவிட்டு நான் எந்த அறையில் உட்கார்ந்து திரி வைப்பேன்?

மறுநாள் புது பேட்டரி வாங்கி மாட்டினார். சத்தத்தைக் கேட்டாலே தெரிகிறதே, பேட்டரி இல்லை என்று நான் தலைப்பாடாய் அடித்துக்கொண்டேன். கல்யாணமான நாளிலிருந்து நான் சொல்லி அவர் கேட்டது, மீசையைக் குறைத்தது மட்டும்தான். புது பேட்டரியிலும் அதே 'டக்'.

ஞாயிற்றுக்கிழமை தெருவில் இருந்தவர்களைக் கூப்பிட்டுத் தள்ளிக் கிளப்பி, திருத்தங்கலில் ஒரு வயரிங் கடைக்குக் கொண்டுபோனோம். கடைக்காரர் ஹெட்லைட்டைப் போடச் சொல்லிவிட்டு, சாவியைத் திருப்பச் சொன்னார். லைட் கொஞ்சம்கூட மங்கவில்லை. பேட்டரியில் குறையில்லை, மோட்டாருக்குள்தான் கரண்ட் போகவில்லை என்றார். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் கடைக் கூரையைப் பார்த்தார்.

கடைக்காரர் ஸ்பேனரோடு வண்டிக்கு அடியில் போனார். பிறகு, "அண்ணாச்சி, இது என்னது, பிள்ளைக்குக் குல்லா மாட்டினாப்புல?" என்று கேட்டார்.

குனிந்து பார்த்தேன். செல்ஃப் மோட்டாரைச் சுற்றிச் சாக்கு. அதன் மேல் சைக்கிள் டியூப், அதன் மேல் கம்பி. ரொம்ப நாளைக்கு முன்னாலேயே இவர் சுற்றி வைத்திருக்கிறார். மோட்டாரிலிருந்து ஒரு பொறி தெறித்தாலும் வண்டிக்குள் இருக்கிற பெண்கள் சேலையில் ஒட்டியிருக்கும் மருந்து பற்றிக்கொள்ளுமே என்ற பயம். என்னிடம்கூட மூச்சு விடவில்லை.

கடைக்காரர் பேட்டரி வயரைக் கழற்றி வைத்துவிட்டுச் சாக்கை அறுத்தார். மழையில் குடித்த தண்ணீரையெல்லாம் அது அப்படியே வைத்திருந்தது. மோட்டாரைக் கழற்றிப் பிரித்தால், வயர் முனையெல்லாம் பச்சை பூத்து, கரண்ட் கடத்துகிற கார்பன் கட்டை தேய்ந்து, உள்ளே சுருள் கருகியிருந்தது. ஆயிலில் ஊறிய இன்னொரு பக்கத்துச் சாக்கு, புகைபோகும் குழாயின் சூட்டில் பழுப்பேறியிருந்தது.

"பொறிக்குப் பயந்து சுத்திருக்கீக. இந்தச் சாக்குத்தான் அண்ணாச்சி பத்திருக்கும்," என்றார் கடைக்காரர்.

என் வீட்டுக்காரர் அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். வெந்த கையை மற்ற கையால் தடவிக்கொண்டே இருந்தார். வழியெல்லாம் திட்டுவதற்குச் சேர்த்து வைத்திருந்ததை அப்படியே விட்டுவிட்டு, நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். இப்படி ஒரு முட்டாள் மனிதரைக் கட்டிக்கொண்டதற்கு அந்த நிமிஷம் அம்புட்டு சந்தோஷப்பட்டேன். அழுகையும் வந்தது.

விருதுநகரிலிருந்து வேறு மோட்டார் வரவழைத்து, போல்ட்டுகளை முறுக்கி, துரு சுரண்டிய வயரை இறுக்கினார்கள். பொறியெல்லாம் மூடிய கூட்டுக்குள்ளேதான், வெளியே எதையும் சுற்றக் கூடாது என்று கடைக்காரர் மூன்று தடவை சொன்னார். இவர் மூன்று தடவையும் தலையாட்டினார். சாவியைத் திருப்பியதும் வண்டி கிளம்பியது.

ஆனால் திங்கள் காலையில் யாரும் ஏறுவதற்கு முன்பே எஞ்சினைப் போட்டவர், கம்பெனி போய்ச் சேரும்வரை அணைக்கவே இல்லை. சாயங்காலம்தான் தப்பிக்க வழியில்லை. வாசலில் வேன், உள்ளே நாள் முழுக்க மருந்தில் புழங்கிய பெண்கள், கேட்டோரம் போர்மேன். இவர் சாவியில் கையை வைத்தார், திருப்பவில்லை. எல்லோரையும் இறங்கித் தள்ளி நிற்கச் சொன்னார். இன்றைக்கும் தள்ளணுமாக்கும் என்று முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்கள். போர்மேன் வேனை நோக்கி நடந்து வர ஆரம்பித்தார்.

"நீயும் இறங்கு," என்றார் என்னிடம்.

"நான் இறங்கல. சாவியத் திருப்புங்க."

"உன் சேலையில மருந்து இருக்கு."

"இருக்கட்டும். நீங்க இங்கனதான இருக்கீக. திருப்புங்க."

அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு திருப்பினார். ஒரே சுற்றில் எஞ்சின் பிடித்தது. பெண்கள் சிரித்துக்கொண்டே ஓடிவந்து ஏறினார்கள், போர்மேன் ஒதுங்கி வழிவிட்டார். இவர் கண்ணைத் திறந்ததும் ரோட்டைப் பார்க்கவில்லை. என் சேலையைத்தான், முந்தானையிலிருந்து கரைவரை ஒருதரம் பார்த்தார்.