ஏழாம் நம்பர் அறை

பெத்தணன் உயிரோடு வீட்டுக்கு வந்தபோது, அவனுக்குக் கொள்ளி வைத்த அப்பாவின் மொட்டைத் தலையில் முடி முளைக்கத் தொடங்கியிருந்தது.

சிவகாசிக்கு மேற்கே அந்தப் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் அறைகள் தனித்தனியாக இருக்கும். ஓர் அறைக்கு ஓர் ஆள். சட்டையை வெளியே ஆணியில் மாட்டிவிட்டு வெறும் உடம்போடு உள்ளே போவார்கள். மதியத்துக்குள் அலுமினியப் பொடி அப்பி எல்லாரும் ஒரே நிறம். அதனால் அங்கே ஆளுக்கு அடையாளம் அறை நம்பர்தான். 1957 புரட்டாசியில் ஒரு நாள் பகலில் ஏழாம் அறை வெடித்தது. கணக்குப்பிள்ளை நோட்டைப் பார்த்து, "ஏழு, பெத்தணன்" என்றார். கிடைத்ததை மூட்டை கட்டிப் பெத்தணன் வீட்டில் கொடுத்தார்கள். பக்கத்தில் எட்டாம் அறைச் சுவருக்கடியில் குற்றுயிராகக் கிடந்தவனைச் சோலைமலை என்று எழுதி மதுரைக்கு லாரியில் ஏற்றினார்கள்.

முகமெல்லாம் கட்டு. தொண்டை வெந்து பேச்சில்லை. சோலைமலையின் தாய் பஞ்சம்மாளும் தங்கை ஞானசுந்தரியும் எட்டு நாள் அவனுக்குக் கஞ்சி ஊட்டினார்கள். ஒன்பதாம் நாள் கட்டை அவிழ்த்தபோது பஞ்சம்மாள் அந்த முகத்தைப் பார்த்தாள். கையில் இருந்த கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, "இது எம்மகன் இல்ல" என்று மட்டும் சொன்னாள்.

வெடித்த அன்று காலையில் அறையை மாற்றச் சொன்னவன் பெத்தணன். "ஏழுல காத்தே இல்லலே, இன்னைக்கு ஒரு நா மாத்திக்கிருவோம்" என்று கேட்டான். "சொகம் தேடுறியாக்கும். போலே, போ" என்று சிரித்துக்கொண்டே சோலைமலை ஏழுக்குப் போனான். காற்றுக்காகப் பெத்தணன் கேட்கவில்லை. எட்டாம் அறை வாசலில் நின்றால் பள்ளிக்கூடத்துக்குப் போகிற பாதை தெரியும். ஒன்பது மணிக்கு ஞானசுந்தரி அந்த வழியாகப் போவாள்.

"செத்துப் பொழச்சிருக்க. இனிமே அந்த மருந்து வாடையே ஆகாது" என்று சொல்லி அப்பா அவனை மறுபடியும் ஒன்பதாம் வகுப்பில் சேர்த்தார். மீசை முளைத்தவனைப் பார்த்துப் பையன்கள், "ஏலே, தள்ளி உக்காருங்கலே, செத்தவரு வாராக" என்றார்கள். வெடியில் ஒரு காது போயிருந்ததால் வாத்தியார் அவனை முன்வரிசையில் உட்கார வைத்தார். பக்கத்துப் பெண்கள் பெஞ்சின் ஓரத்தில் ஞானசுந்தரி. வாத்தியார் சொல்லச்சொல்ல எழுதும்போது அவன் பாதியில் நின்றுவிடுவான். மூன்றாம் வாரம் அவள் தன் நோட்டை அவன் பக்கமாகச் சற்றே சாய்த்து வைத்தாள். முகத்தைத் திருப்பவில்லை. எஸ்.எஸ்.எல்.சி. முடியும்வரை மூன்று வருஷமும் அந்த நோட்டு சாய்ந்தே இருந்தது. ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

அறையை மாற்றியதை முதலில் சொல்லிவிட வேண்டும். அதைச் சொல்லாமல் பெண் கேட்கக் கூடாது. இந்த முடிவோடுதான் சோலைமலையின் நாலாம் வருஷத் திதிக்குப் போனான். வருஷந்தோறும் அந்தப் படையலைச் சாப்பிடப் பஞ்சம்மாள் அவனைத்தான் கூப்பிடுவாள். இலையில் உட்கார்ந்து வாயைத் திறக்குமுன் அவள் பேசினாள்.

"எட்டு நா ஒனக்கு ஊட்டிருக்கேன்யா. ஊட்டுன கை சும்மா போயிருமா? இனிமே நீதான் எனக்கு மகன். சுந்தரிக்கு விருதுநகர்ல வத்தல் கடைக்காரர் வீட்டுல பேசி முடிச்சாச்சு. மாப்பிள்ளைக்கு மச்சினன் மாலை போட ஆளு வேணுமில்ல?"

குழம்புச் சட்டியோடு ஞானசுந்தரி குனிந்தாள். கரண்டி சட்டியின் விளிம்பில் இரண்டு முறை தட்டியது.

"சாப்பிடுங்கண்ணே" என்றாள். அவனிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அது.

தை மாதம் பெத்தணன் மாப்பிள்ளைக்கு மாலை போட்டான். பிறகு ஒரு பிரஸ்ஸில் காலண்டர் தாள் வெட்டுகிற வேலைக்குப் போனான். பெண் பார்க்கலாம் என்று அப்பா சொன்னபோதெல்லாம் எழுந்து வெளியே போய்விடுவான். புரட்டாசி தவறாமல் இலையில் உட்கார்ந்தான். உண்மையைச் சொல்லவில்லை.

1966இல் பஞ்சம்மாள் இறந்தாள். விருதுநகரிலிருந்து வந்து அழுது ஓய்ந்த ஞானசுந்தரி கொல்லைப்புறத்தில் துவைகல்லில் உட்கார்ந்திருந்தாள். அவன் எதிரே நின்று ஒன்பது வருஷத்தையும் சொல்லி முடித்தான். ஏழு, எட்டு, காற்று, பாதை, எல்லாவற்றையும்.

"தெரியும்" என்றாள் அவள். "அன்னைக்குக் காலையில, பொடி ஒட்டாத மூஞ்சி. எட்டாம் நம்பர் வாசல்ல நின்னது எங்கண்ணன் இல்லன்னு எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஆஸ்பத்திரியில..."

"முத நாள்ல இருந்தே தெரியும். சொன்னா ஆத்தா அங்கனயே விழுந்திருப்பா." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஒங்கள விட்டுட்டு எந்திரிச்சு வரவும் மனசு வரல. செத்தவன் ஒடம்பெறந்தவன். எட்டு நா அழுவாம கஞ்சி ஊத்துனேன். அப்புறம் அண்ணன்னு சொல்லச் சொன்னாக. அதையும் சொன்னேன்."

வாசலில் சங்கு ஊதினார்கள்.

"நீர்மாலைக்கு நேரமாச்சுப்பா, ஆத்தாளக் குளிப்பாட்டத் தண்ணி எடுக்கணும், மகன் எங்கன இருக்காரு?" என்று யாரோ உரக்கக் கேட்டார்கள்.

கேட்கிற காதுப் பக்கம்தான் அந்தக் குரல் வந்தது. பெத்தணன் சட்டையைக் கழற்றிக் கொல்லைக் கதவு ஆணியில் மாட்டிவிட்டு, குடத்தை எடுக்கப் போனான்.