மாராத்தாள் தரிசு போடவில்லை

பள்ளியில் மூன்றாம் பாடவேளையில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். அண்ணன் போனில் சொன்னார்: "மாராத்தா போயிட்டாளாமா. நீ போகோணும்னு இல்ல." போனேன். துக்கம் கேட்க நான் நீட்டிய கையை மாராத்தாளின் மகள் தொடவில்லை. அவள் செய்தது சரி.

வீரபாண்டிக்குத் தெற்கே எங்கள் தோட்டத்தை மாராத்தாளும் அவர் கணவரும் வாய்ப்பேச்சுக் குத்தகையில் உழுதார்கள். கணவர் இறந்த பிறகும் அவர் விடவில்லை. ஒருமுறை என் அப்பா வரப்பில் நின்று, என்ன விதைப்பது என்று யோசனை சொன்னார். மண்வெட்டியைக் கீழே வைக்காமலே மாராத்தாள் சொன்னார்: "நெலம் உங்களதுங்க, வெள்ளாமை என்னதுங்க." அப்பா சிரித்துக்கொண்டே திரும்பிவிட்டார்.

அப்பா காலமானதும் சாயப்பட்டறைக்காரர் ஒருவர் தோட்டத்தை விலைக்குக் கேட்டார். அண்ணனுக்கு விற்க ஆசை, எனக்கும்தான். உழுகிறவரை நினைத்தபடி வெளியேற்ற முடியாது. ஆனால் தொடர்ந்து இரண்டு போகம் தரிசு போட்டால் குத்தகை உரிமை போய்விடும் என்பது ஊர் வழக்கம். சட்டத்திலும் அதற்கு இடமிருக்கிறது என்றார் வக்கீல். அண்ணன் கிணற்று மோட்டார் அறையைப் பூட்டி, சாவியை என்னிடம் கொடுத்தார்.

மாராத்தாள் மூன்று முறை என் வீட்டுக்கு வந்தார். "ஏனுங்க, பயிரு காயுதுங்க. பூட்ட மட்டும் தொறந்து உடுங்க."

"அண்ணன் வரட்டுங்க்கா" என்று மூன்று முறையும் சொன்னேன். சாவி என் அலமாரியில் இருந்தது.

இரண்டு போகம் கழிந்ததும் வழக்குப் போட்டோம். வாத்தியார் பேச்சுக்கு மதிப்பிருக்கும் என்று என்னைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். "பனியன் கம்பெனி வேலைக்குப் போவதற்காக இவராகவே தரிசு போட்டார்" என்றேன். பயிர் கருகிப் பல மாதங்களுக்குப் பிறகு, வேறு வழியில்லாமல்தான் அவர் கம்பெனிக்குப் போனார். அது எனக்குத் தெரியும். நான் இறங்கும்வரை மாராத்தாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது.

சில ஆண்டுகள் கழித்து, ஷிப்ட் முடிந்து கம்பெனியிலிருந்து வந்தவரை நிறுத்தி மன்னிப்புக் கேட்டேன். அவர் குரல் உயரவில்லை.

"எங்கிட்டச் சொல்லி என்னங்க ஆகும்? நாந் தரிசு போடலீன்னு எனக்குத் தெரியாதுங்களா? ஊருக்குள்ளதான் என்னைச் சோம்பேறின்னு பேசறாங்க. கூண்டுல ஏறிச் சொன்னத, நாலு பேரு கேக்க மாத்திச் சொல்லுங்க."

பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார். அதன் பிறகும் இரண்டு ஆண்டுகள் அவர் இருந்தார். அண்ணனுக்குப் பயந்தேன், பொய்ச்சாட்சி என்று தெரிந்தால் வாத்தியார் வேலை போய்விடுமோ என்று பயந்தேன். வாயே திறக்கவில்லை.

மாராத்தாளை அறிந்தவர்களே, அவர் ஒரு போகம்கூடத் தரிசு போட்டவரில்லை. தண்ணீரை அடைத்தது நாங்கள். பொய் சொன்னது நான். அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அவர் கேட்ட அந்த ஒன்றுதான். கேட்டவர் இல்லாதபோது செய்கிறேன்.