பூத்தால் காலி செய்கிறேன்

குரங்குக் குல்லா போட்ட பூந்தொட்டியை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. கொடைக்கானலில் ஒரு பள்ளி விடுதிக்கு வார்டனாகச் சேர்ந்த அன்று, எனக்கு முன்பு அந்த வேலையில் இருந்து ஓய்வு பெற்றவரின் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். முன்னறையில் ஹீட்டர் எரிந்தது. அதன் எதிரே மெத்தை போட்ட நாற்காலியில் அந்தத் தொட்டி வீற்றிருந்தது. குல்லாவுக்கு மேலே புள்ளி போட்ட நாலைந்து பட்டை இலைகள். பெரியவர் ஓரமாக முக்காலியில் உட்கார்ந்திருந்தார்.

அது ஸ்லிப்பர் ஆர்க்கிட். பூவின் கீழிதழ் செருப்பின் முன்பக்கம் போலக் குழிந்திருக்குமாம். கேள்விதான், ஏழு வருஷமாகச் செடி பூக்கவே இல்லை. "இது பூத்த மறுநா வீட்டக் காலி பண்ணிருவேன் தம்பி. மொட்டு வைக்கிற நேரத்துல எடம் மாத்தக் கூடாது" என்றார். அந்த வீடுதான் எனக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. முப்பது வருஷம் உழைத்தவரை வெளியே போகச் சொல்ல நிர்வாகத்துக்கும் வாய் வரவில்லை.

நானும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் ஏரிக்கு மேலே ஒற்றை அறை வாடகை வீட்டில் இருந்தோம். குக்கர் விசில் அடித்தால் பாடப்புத்தகம் நனையும். "செடிக்கு ரெண்டு ரூமு, நமக்கு ஒத்த ரூமு. அடுத்த பெறவியில நானும் எலையா மொளைக்கிறேன்" என்றாள் மனைவி. செடி பூக்க வேண்டுமென்று பழனி முருகனுக்கு மொட்டையும் நேர்ந்துகொண்டாள். என் தலையை.

மூன்று மாதம் முருகனை நம்பியபின், செடி விற்கும் ஒரு அம்மாவிடம் போய்க் கேட்டேன். பெரியவரின் ஹீட்டரைப் பற்றிச் சொன்னதும் அவர் சிரித்துவிட்டார். இந்த வகைக்கு மொட்டுக் கட்டக் குளிர் வேண்டும், கார்த்திகைக் குளிரைக் காட்டாமல் பொத்தி வைத்தால் இலைதான் வரும் என்றார். பெரியவரிடம் பக்குவமாகச் சொல்லிப் பார்த்தேன். "நமக்கே பல்லு தந்தியடிக்குது, அதுக்கு நடுங்காதா?" என்று குல்லாவை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டார்.

அந்தக் கார்த்திகையில் பேத்தியின் காதுகுத்துக்காக அவர் ஒட்டன்சத்திரத்தில் மகன் வீட்டுக்குப் போனார். இருபது நாள். சாவியை என்னிடம் கொடுத்து, ஹீட்டரை எத்தனை மணிக்குப் போட வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுத்தார். பஸ் கிளம்பியதும் குல்லாவைக் கழற்றித் தொட்டியைப் பின் வராந்தாவில் வைத்தேன். ஒரு விடியலில் புல்வெளியெங்கும் உறைபனி. ஓடிப்போய்ப் பார்த்தால் ஓர் இலையின் நுனி கருத்திருந்தது. ஏழு வருஷம் வளர்த்த பிள்ளையைக் கொன்றுவிட்டோமோ என்று மற்ற இலைகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தேன்.

அவர் வந்து இறங்கியதுமே உண்மையைச் சொல்லிவிட்டேன். கருத்த நுனியைத் தடவிப் பார்த்தார். மார்கழி முழுக்க என் வணக்கத்துக்குப் பதில் வணக்கம் இல்லை. தை மாதம் ஒருநாள் வெள்ளனே எங்கள் கதவைத் தட்டி என்னைக் கூட்டிப் போனார். இலைகளுக்கு நடுவே பட்டாணி அளவில் ஒரு மொட்டு. நான் பழனிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தேன்.

மொட்டு விரியப் பங்குனி ஆயிற்று. கணக்குப்படி மறுநாள் அவர் காலி செய்ய வேண்டும். ஆனால் அந்தப் பூ வைகாசி வரை உதிரவில்லை. பூ இருக்கும்போது எப்படிக் கிளம்புவது என்றார். உதிர்ந்ததும் பக்கத்தில் ஒரு புதுக் கன்று முளைத்தது. அதைக் காட்டி அவர் பேச்செடுக்கும்போதே என் மனைவி, "ஐயா, இது பூக்க எத்தனை வருசமுங்க?" என்று கேட்டாள்.

பெரியவர் புதுக் கன்றை விரலால் தடவினார். "கீழ வெக்கையில இது ஒரு மாசம் தாங்காதும்மா" என்றார். கையைத் துடைத்துக்கொண்டே, "நானுந்தான்" என்றார்.

மறுவாரம் காலி செய்து மகன் வீட்டுக்குப் போனார், செடியை எங்களிடம் விட்டுவிட்டு. அதைப் பார்க்க மாதாமாதம் முதல் பஸ்ஸில் மலையேறி வருவார். சனிக்கிழமை வந்தால் செவ்வாய்க்கிழமைதான் இறங்குவார். முன்னறைக் கட்டிலுக்கு அவர் கட்டில் என்றே பெயர்.

இப்போது அவருக்கு முழங்கால் ஒத்துழைப்பதில்லை. இந்த வருஷம் மூன்று பூ. வீடியோ காலில் ஒவ்வொன்றாகக் காட்டினேன். ஒட்டன்சத்திரத்தில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தவர், "பூவு கெடக்கட்டும் தம்பி, குருத்துல தண்ணி நின்னா அழுகிரும், நிக்குதான்னு காட்டுங்க" என்றார். நின்றிருந்தது. நான் போனை மெல்ல ஜன்னல் பக்கம் திருப்பி, "மேகம் எறங்கிருச்சுங்கய்யா, சரியாத் தெரியல" என்றேன்.