முறத்தில் கலந்த மாத்திரைகள்

எங்கள் வீட்டு ஆண்பிள்ளைகள் இருவருக்கும் பிறவியிலேயே இரத்தச்சோகை. குடும்பவழி வரும் அரிய வகை என்றார்கள். அறுபதுகளின் இறுதியில், நாங்கள் திருப்பாச்சூரில் இருந்தபோது, பட்டணத்து மருத்துவர் ஒருவர் மாதந்தோறும் திருவள்ளூருக்கு வந்து அந்நோய்க்கு வைட்டமின் மாத்திரையைச் சோதித்துப் பார்த்தார். அண்ணனுக்கு ஒரு டப்பா, தம்பிக்கு ஒரு டப்பா. மாத்திரைகள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். டப்பா மாறக்கூடாது என்று மட்டும் சொன்னார். ஏன் என்று சொல்லவில்லை.

சில மாதங்களில் அண்ணன் ஏரிக்கரை வரை ஓடினான். தம்பிக்கோ வாசற்படி ஏறினாலே மூச்சு வாங்கியது.

"டேய் வெள்ளப் பல்லி, ஓடியாந்து புடி பாக்கலாம்!" என்று அண்ணன் சீண்டுவான்.

அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு ஒரு நாள் இரண்டு டப்பாக்களையும் முறத்தில் கொட்டி, பொரி பங்கிடுவதுபோலக் கலந்து, சரிபாதியாக நிரப்பினாள். அதன்பின் மாதந்தோறும் அப்படியே செய்தாள்.

"ஒரே வவுத்துல பொறந்ததுங்க. ஒண்ணுக்கு நல்ல மருந்து, ஒண்ணுக்குச் சொத்த மருந்தா? இன்னா நாயம் இது?"

தம்பி தேறினான். அவனுடைய இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்து மருத்துவர் புருவம் சுருக்கியபோது, பாராட்டுவார் என்று நம்பி நான்தான் முந்திக்கொண்டேன். "எங்கம்மா ரெண்டத்தையும் கலந்துட்டாங்க சார்!"

"யாரைக் கேட்டும்மா கலந்தே? என் உழைப்பெல்லாம் பாழ்!"

"சின்னவன் இப்பத்தான் சார் ஆடிக்கினு கீறான். என்னத் திட்டுங்க. டப்பாவ மட்டும் எடுத்துக்கினு பூடாதீங்க."

எடுத்துக்கொண்டுதான் போனார். சோதனைப் பட்டியலில் இருவர் பெயரையும் அடித்துவிட்டார்.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஒருவருக்கு வெறும் மாவு மாத்திரை கொடுப்பது சோதனையின் முறை என்பதைப் பின்னர் கல்லூரியில் படித்தேன். அம்முறையின் தேவையை நான் மறுக்கவில்லை. ஆனால், பெற்றவளிடம் அதை மறைத்ததையும், பலன் கண்ட பிறகும் பிள்ளைகளை வெறுங்கையோடு அனுப்பியதையும் எந்த முறை அனுமதிக்கிறது? எழுத்தறியாத கூலிக்காரி கேள்வி கேட்கமாட்டாள் என்ற துணிச்சலைத் தவிர அதில் வேறென்ன இருந்தது?

மழைக்காலத்திற்குள் இருவரும் படுத்துவிட்டார்கள். எல்லாம் அம்மாவால்தான் என்று நான் பல நாள் அவளோடு பேசவில்லை. அந்த வைட்டமின் பக்கத்து மணவாள நகர் மருந்துக்கடையிலேயே கிடைத்தது. அதன் பெயரை மருத்துவர் ஒரு துண்டுத்தாளில் எழுதித் தந்திருந்தால் போதும். அது அப்போது எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும்.